பூட்டுக்காரருக்குப் பக்கத்து இடம்

நெடுநாள் வாய்மூடி இருந்துவிட்டேன். இனி இருப்பதாக இல்லை.

இதைப் படித்ததும் உங்களில் பாதிப்பேர் சிரிப்பீர்கள். சபைக்கூட்டம் தவறாமல் எழுந்து நின்று “ஆட்சேபம்” என்று சொல்லி, அதுவே பட்டப்பெயராக ஒட்டிக்கொண்ட மனிதன் வாய்மூடி இருந்தானாம். சிரியுங்கள். ஆனால் நான் இத்தனை காலம் ஆட்சேபித்ததெல்லாம் மின்விசிறியையும் சுவருக்கு அடித்த வண்ணத்தையும்தான். பேச வேண்டிய ஒன்றை இன்றுவரை பேசவில்லை.

நாளை மாலை நம் போதகருக்கும் போதகரம்மாவுக்கும் பாராட்டு விழா. பேசுவோர் வரிசையில் என் பெயரும் இருந்தது. பிறகு எடுத்துவிட்டார்கள். “நேரம் பத்தல, மனசுல வச்சுக்காதீங்க” என்றார் சபைக் காரியங்களை நடத்தும் தலைமை உதவிக்காரர். நேரமா பற்றவில்லை? நெஞ்சு பற்றவில்லை. மனதில் வைத்துக்கொள்வதோ எனக்குக் கைவந்த கலை. ஆகவே மேடையில் சொல்ல இருந்ததை இங்கே எழுதுகிறேன். நீங்கள் எதிரே வரிசை வரிசையாக அமர்ந்திருப்பதாகவே எண்ணிக்கொள்கிறேன்.

விழாவுக்குத் தலைமை ஏற்று, மருந்துக்கடையில் எங்கள் இருமலையும் மண்டபத்தில் எங்கள் பேச்சையும் ஒருசேர அடக்கத் தெரிந்த தலைமை உதவிக்காரர் அவர்களே! முன்வரிசையை வழிவழியாக ஆண்டுவரும் மூத்தோர்களே! பிள்ளையை மடியிலும் பாட்டை நாவிலும் வைத்திருக்கும் தாய்மார்களே! சுருதி எங்கே போனாலும் துரத்திப் பிடிக்கும் பாடகர் குழுவினரே! கதவோரம் நின்று கேட்டு, நின்றபடியே போய்விடும் நண்பர்களே! மாலைக்காக அல்ல, மனைவி சொன்னதற்காக வந்து அமர்ந்திருக்கும் போதகர் அவர்களே! அவர் பக்கத்து நாற்காலிக்கு வர முடியாமல் வீட்டுக் கட்டிலில் படுத்திருக்கும், நாங்கள் அம்மா என்றே அழைக்கும் போதகரம்மாவே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

பின்வரிசையில் “ஆரம்பிச்சுட்டாருப்பா” என்று ஒரு குரல் கேட்கிறது. ஆமாம் அண்ணா, ஆரம்பித்துவிட்டேன். முடித்துவிட்டுத்தான் இறங்குவேன்.

இந்த மேடை எதன்மேல் நிற்கிறது தெரியுமா? பலகைகளைத் தூக்கிப் பாருங்கள். கீழே ஒரு தொட்டி. மார்பளவு ஆழம், இரு பக்கமும் படி. குழந்தையின் நெற்றியில் நீர் தெளிப்பது நம் வழக்கம் அல்ல. அறிவு வந்து, ஆண்டவரை அறிந்து, “நான் வருகிறேன்” என்று தன் வாயால் சொன்னவரைத்தான் நாம் தண்ணீரில் முழுக்கித் தூக்குகிறோம். அப்படி முழுகி எழுந்தவரே சபையின் உறுப்பினர். உறுப்பினருக்கே வாக்கு. உறுப்பினருக்கே திருவிருந்து. உறுப்பினருக்கே மதிலுக்குப் பின்னால் நம் கல்லறைத் தோட்டத்தில் ஆறடி. வெளியூர் விருந்தினருக்காகத்தான் இதைச் சொன்னேன். உள்ளூர்க்காரர்களுக்குப் பாடம், பாதித் தூக்கத்திலும் தெரியும்.

அந்தத் தொட்டியில் நின்றவர் நம் போதகர். அந்தப் படியில் நின்றவர் அம்மா. முப்பது ஆண்டுகளுக்கும் மேல்.

முழுகி எழுந்ததும் நீங்கள் முதலில் கண்டது எதை? வானம் திறந்ததையா? வெளிச்சம் இறங்கியதையா? வெள்ளைத் துண்டு ஒன்றை விரித்துப் பிடித்த இரண்டு கைகளை. மூக்கில் தண்ணீர் ஏறித் திணறும்போது, “அழறதுன்னா அழு. ஆனா முதல்ல தலையத் துவட்டு” என்று காதோரம் ஒரு குரல். எனக்கு மட்டும் சொன்ன வார்த்தை என்று பல காலம் பொத்தி வைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அத்தனை பேருக்கும் அதையேதான் சொல்லியிருக்கிறார். அதற்கும் ஒரு வாரம் கோபித்துக்கொண்டிருந்தேன்.

கறிக்கடைக்காரர் முழுகிய நாளை மறப்போமா? மனிதர் மலை. போதகரோ மூங்கில். பின்னால் சாய்த்தபோது மலை வழுக்கிற்று, மூங்கிலும் கூடவே போயிற்று. இரண்டு தலைகள் மூழ்கி இரண்டு தலைகள் எழுந்தன. பாட்டு பாதியில் நின்றது. அம்மா முதல் துண்டைக் கறிக்கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டு, இரண்டாவதைப் போதகரிடம் நீட்டினார்.

“ஒருத்தருக்கு ரெண்டு தடவை முழுக்கு கிடையாதுன்னு போன வாரம்தானே பிரசங்கம் பண்ணீங்க?”

போதகர் தண்ணீரில் நின்றபடியே சிரித்தார். இந்த மண்டபம் அவ்வளவு சிரித்து நான் கேட்டதில்லை.

சிரித்தோம். அந்தத் துண்டைப் பிடித்தவர் அந்தத் தொட்டியில் நனைந்தாரா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

நீங்கள் திருவிருந்து நாளில் கவனித்திருக்கிறீர்களா? முன்வரிசைக்கு அப்பத் தட்டை எடுத்துவருபவர் போதகர். அம்மா இடக்கையால் வாங்குவார், வலப்பக்கம் நீட்டுவார். அப்பம் ஒரு துண்டும் குறையாது. ஒரே அடுப்பில் சமைத்து ஒரே தட்டில் உண்டவர்கள். அவர் சாப்பாட்டு மேசையில் பிரசங்கம் எழுத, இவர் வெங்காயம் உரித்தபடி “இந்த இடம் புரியல, வெட்டுங்க” என்று சொல்ல, வெட்டிய பிரசங்கத்தைத்தான் நாம் ஞாயிறுதோறும் கேட்டோம். அந்த மனிதர் தன் கையால் தட்டை நீட்டுவார். அந்தப் பெண்மணி தன் கையால் அதைக் கடத்திவிடுவார். ஞாயிறு மேல் ஞாயிறாக, ஆண்டு மேல் ஆண்டாக. எது கடினம், நீட்டுவதா, கடத்துவதா? எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

ஆம். போதகரம்மா நம் சபையின் உறுப்பினர் அல்லர். மூத்தவர்களுக்குத் தெரியும், சொன்னதில்லை. இளையவர்கள் கேட்டதில்லை. எனக்குத் தெரியவந்தது என் அப்பா செத்த வருஷம்.

என் அப்பாவை நினைவிருக்கிறதா? பூட்டுக்காரர். இந்த மண்டபக் கதவுப் பூட்டு இன்றும் ஒரே திருப்பில் திறக்கிறதென்றால் அது அவர் கைவேலை. கடைசி வரிசையில் கதவோரம் உட்காருவார். எல்லாப் பாட்டும் தெரியும். ஆனால் முழுகவில்லை. இளவயதில் தம்பி ஆற்றில் போனதைக் கரையில் நின்று பார்த்தவர். முகம் கழுவவே துணியை நனைத்துத் துடைத்துக்கொள்வார். தொட்டிப் படிவரை ஒருமுறை வந்தார். முழங்கால் நனைந்தது. ஏறிப்போய்விட்டார். “பயம் தெளியட்டும், நான் காத்திருக்கேன்” என்றார் போதகர். காத்திருந்தார். அப்பா காத்திருக்கவில்லை, போய்விட்டார்.

மதிலுக்குப் பின்னால் ஓர் இடம் கேட்டேன். கெஞ்சிக் கேட்டேன். “சட்டம் உங்களுக்குத் தெரியும்” என்றார் போதகர். ஊர்ப் பொது இடுகாட்டில், மேற்கு ஓரத்தில் புதைத்தோம். போதகர் வந்தார், செபித்தார், முதல் பிடி மண்ணையும் போட்டார். கையை நீட்டினார். நான் பிடிக்கவில்லை. அன்று முதல் இருபது வருஷம் ஞாயிறு தவறாமல் அவர் பிரசங்கம் கேட்டேன், அவர் கையை மட்டும் தொடவில்லை. உனக்கும் ஒரு நாள் வரும் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன். மறைக்க என்ன இருக்கிறது? நான் அப்படிப்பட்டவன்தான்.

அந்த வருஷத்து உறுப்பினர் கூட்டத்தில் கத்திவிட்டு வெளிநடப்புச் செய்தேன். உள்ளே வாக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தது. உடைமாற்றும் அறையில் அம்மா பெஞ்சில் உட்கார்ந்து துண்டு மடித்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா, உள்ள கை தூக்கிட்டிருக்காங்க. நீங்க இங்க என்ன பண்றீங்க?”

“எனக்குக் கை இருக்கு தம்பி, ஓட்டுதான் இல்ல. உட்காருங்க. அந்த நுனியப் பிடிங்க.”

பிடித்தேன். மடித்தபடியே சொன்னார். அவர் பிறந்து வளர்ந்தது குழந்தைக்கு நீர் தெளிக்கும் சபையில். அவரை ஏந்திக்கொண்டு தாய் அங்கே நின்றிருக்கிறார். அடுத்த மாதமே தாய் இறந்துவிட்டார். படம் ஒன்றும் இல்லை. தாய் தன்னை ஏந்தி நின்றதாக அவருக்குத் தெரிந்த ஒரே இடம் அதுதான்.

“நான் மறுபடி முழுகினா, முதல்ல நடந்தது ஒண்ணுமில்லைன்னு ஆகுது இல்ல? எங்கம்மா சும்மா நின்னாங்கன்னு என் வாயால எப்படிச் சொல்ல?”

“ஐயா ஒண்ணும் சொல்லலையா?”

“கல்யாணமான புதுசுல கேட்டாரு. சொன்னேன். அப்புறம், ‘மனசு வராம முழுகினா அது குளியல்தான்’னாரு. அதோட சரி. அவருக்காக நான் முழுகல, எனக்காக அவர் சட்டத்த வளைக்கல. சண்டையே இல்ல, பாருங்க.”

பிறகு துண்டை அடுக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

“உங்கப்பாவும் நானும் ஒரே பெஞ்சுதான் தம்பி.”

அந்த ஒரு வாக்கியத்தோடு நான் இருபது வருஷம் நடந்திருக்கிறேன். நடந்தேனே தவிர, பேசினேனா? இல்லை. நான் வாய்மூடி இருந்தது இந்த விஷயத்தில்தான்.

இப்போது இந்த மாதத்துக்கு வருகிறேன். அம்மாவின் நுரையீரல் கைவிட்டுவிட்டது. மருத்துவர் நாள் குறிக்கவில்லை, ஆனால் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவரைக் கவனிக்கத்தான் போதகர் பணியிலிருந்து விலகுகிறார். நம் உதவிக்காரர்கள் கூடி, பெருந்தன்மையோடு ஒரு முடிவு செய்தார்கள். அம்மா உறுப்பினர் இல்லாவிட்டாலும், விழாவின் பரிசாகச் சிறப்பு விலக்கு அளித்துக் கல்லறைத் தோட்டத்தில் இடம் தருவது. மேடையில் அறிவிப்பது. நீங்கள் கைதட்டுவது.

போதகர் வேண்டாம் என்றுவிட்டார்.

எனக்கு இதைச் சொன்னவர் ஊர் இடுகாட்டுக் காவலாளி. இடுகாட்டுப் பூட்டுக்கு எண்ணெய் கேட்டு வந்தவர், அப்பா கடையை நான் இன்னும் பூட்டி வைத்திருப்பதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“உங்க போதகர் வந்திருந்தாரு. பூட்டுக்காரருக்குப் பக்கத்துல இடம் காலியா இருக்கான்னு கேட்டாரு. வேற நல்ல இடமெல்லாம் காட்டினேன், நிழலா. இல்லப்பா, அதான் வேணும்னுட்டாரு.”

நான் காத்திருந்த நாள் வந்துவிட்டது. உனக்கும் ஒரு நாள் வரும் என்றேனே, வந்துவிட்டது. மகிழ வேண்டாமா? செருப்பு மாட்டக்கூட மறந்து அவர் வீட்டுக்குப் போனேன்.

புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். என் வெறுங்காலையும் பார்த்தார்.

“ஏன் மறுத்தீங்க?” என்றேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“உங்கப்பாவுக்குச் சட்டம், என் வீட்டுக்காரிக்கு விலக்கா? அந்த மண்ணுல நின்னு நான் எப்படி செபிக்கிறது?”

“அப்போ சட்டம் தப்புன்னு சபையில சொல்லுங்க.”

“இருபது வருஷம் முன்னாடியே சொல்லியிருக்கணும். அப்போ எனக்கு அதுல லாபம் இல்ல. அப்போ சொல்லியிருந்தா அது நியாயம். இன்னைக்குச் சொன்னா, பொண்டாட்டிக்காகப் பேசுறேன்னு ஆயிடும். எனக்கு வாய் போயிடுச்சு.”

உள்ளறையிலிருந்து மூச்சிரைப்போடு ஒரு குரல். “யாரு, ஆட்சேபமா? உள்ள வரச் சொல்லுங்க.”

போனேன். தலையணைகளில் சாய்ந்திருந்தார். கைகள் பாதியாகியிருந்தன.

“எனக்கு எங்க இடம், எங்க இடம்னு ஊரே பேசுது. நான் இன்னும் கிளம்பவே இல்ல தம்பி” என்றார். சற்று மூச்சு வாங்கிக்கொண்டார். “எனக்கொண்ணும் குறையில்ல. உங்கப்பா நல்ல மனுஷன், பேச்சுத்துணை ஆச்சு. கதவு எதுவும் மாட்டிக்கிட்டாலும் திறந்துவிடுவாரு.”

நான் சிரிக்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கட்டில் கம்பியில் கிடந்த துண்டைக் கண்ணால் காட்டினார்.

“அழறதுன்னா அழுங்க” என்றார். “அப்புறம் தொடைச்சுக்குங்க.”

சபையோரே, ஒன்று கேட்கிறேன். திருவிருந்து மேசைக்கு விதி இருக்கட்டும். தொட்டிக்கு விதி இருக்கட்டும். விசுவாசத்தை யாரும் யார்மேலும் திணிக்கக்கூடாது என்பதற்காகப் பிறந்த விதிகள் அவை. அவற்றின்மேல் எனக்கு ஆட்சேபம் இல்லை. எழுதிக்கொள்ளுங்கள், எனக்கும் ஆட்சேபம் இல்லாத விஷயம் உண்டு. ஆனால் மண்ணுக்கு எதற்கு விதி? தண்ணீரில் இறங்குவது உயிரோடு இருப்பவரின் முடிவு. மண்ணில் இறங்குவது யாருடைய முடிவு? நீரைக் கண்டு நடுங்கிய மனிதனை மண்ணிலும் தள்ளி வைத்தோமே, அவன் எதை மறுத்தான்? தாயின் கைகளைப் பொய்யாக்க மாட்டேன் என்ற பெண்ணை மதிலுக்கு வெளியே அனுப்பப் போகிறோமே, அவர் யாரை மறுத்தார்? நம்மில் எவர் ஈரத்தை அவர் துடைக்காமல் விட்டார்? எவர் தலையை? எவர் பிள்ளையின் தலையை?

விலக்கு வேண்டாம். விலக்கு என்பது பிச்சை. போட்டவன் கையைத்தான் உயர்த்தும். விழா முடிந்ததும் அதே மண்டபத்தில் உறுப்பினர் கூட்டம் இருக்கிறது. அங்கே இந்தத் தீர்மானம் வரட்டும்: இந்தச் சபையோடு அமர்ந்து ஆராதித்தவர் எவரும், முழுகியிருந்தாலும் முழுகாவிட்டாலும், இந்தச் சபையின் மண்ணில் இடம் பெறுவார். விலக்கை மறுக்கப் போதகருக்கு உரிமை உண்டு. விதியை மறுக்க அவருக்கும் ஒரே ஒரு கைதான். அந்தக் கையை அவர் தூக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். தூக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் உங்கள் கை வேண்டும்.

“இப்ப என்ன, அப்பாவத் தோண்டி எடுத்துட்டு வரப்போறியா?” என்று கேட்பவர் கேட்பீர்கள். இல்லை. அவர் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். தீர்மானம் நிறைவேறினால் அம்மா இங்கே வருவார், அப்பாவுக்குப் பக்கத்து இடம் காலியாகவே கிடக்கும். அதுவும் தெரிந்தேதான் கேட்கிறேன். காவலாளியிடம் சொல்லிவிட்டேன். அந்த இடம் எனக்கு. உறுப்பினர் என்ற முறையில் மதிலுக்குப் பின்னால் எனக்குரிய ஆறடியை அம்மாவுக்கு விட்டுத்தருகிறேன். இருபது வருஷத்தில் நான் போதகருக்குக் கொடுக்கும் முதல் பொருள் அது. நாளை அவர் கையையும் பிடிப்பேன், அவர் நீட்டினால். நீட்டாவிட்டால் நானே நீட்டுகிறேன்.

பொறுமையாகக் கேட்டவர்களுக்கு நன்றி. பொறுமையில்லாமல் கேட்டவர்களுக்குக் கூடுதல் நன்றி. என் பெயரை எடுத்த தலைமை உதவிக்காரர் அண்ணனுக்கும் நன்றி. மேடையில் தரும் மூன்று நிமிடத்தில் இது அடங்கியிருக்காது. அம்மா, நீங்கள் கடத்திவிட்ட ஒவ்வொரு தட்டுக்கும் எங்கள் தலைகுனிந்த வணக்கம்.

இதை நாளைக் காலை ஆராதனைக்கு முன்னால் வாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்போகிறேன். அடிக்கல்லில் என் பெயர் விட்டுப்போனதற்கு ஒன்பது கூட்டங்களில் சண்டை போட்டவன் நான். எந்தக் காகிதத்திலும் பெயர் போடாமல் விட்டதில்லை. பேனா இப்போதும் கையெழுத்துப் போடும் மூலைக்குத் தானாகவே போகிறது. எழுதியவன் யாரென்று இரண்டாம் பத்தியிலேயே உங்களுக்குத் தெரிந்துவிட்டது, அது போகட்டும். தீர்மானத்தை நான் முன்மொழிந்தால் “ஆட்சேபம் எழுந்துட்டாரு” என்று சிரித்துத் தோற்கடிப்பீர்கள். முன்மொழிபவர் இடம் காலியாக இருக்கட்டும். துண்டு வாங்கிய யாராவது ஒருவர் எழுந்து நின்று அதைத் தன் வார்த்தையாகச் சொல்லட்டும்.

அது மட்டுமல்ல காரணம். நம் எல்லோரையும் துவட்டிவிட்டவரின் பெயர் இந்தச் சபையில் எங்கேயும் எழுதப்படவில்லை. அது எழுதப்படும்வரை என் பெயரும் வேண்டாம்.

பேனாவை மூடிவிட்டேன்.